மாலேனாவின் வலக்கை

கப்பல் முதலாளியின் கணக்கர் படியேறி வந்தபோது மாலேனா வீட்டில் இல்லை. வழக்கம்போலப் பாலத்தைத் தாண்டி, கப்பல்கள் வந்து நிற்கும் சுங்கத்துறைக்குப் போயிருந்தாள். அவள் கணவன் மிக்கெல் ஈஸ்டர் கழிந்த கையோடு 'மூன்று சகோதரர்கள்' என்ற பாய்க்கப்பலில் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனவன். சர்க்கரை ஏற்றிக்கொண்டு செப்டம்பருக்குள் திரும்பியிருக்க வேண்டும். அக்டோபரும் முடியப் போகிறது. தினமும் காலை ரொட்டியும் காப்பியும் ஆனதும், எட்டு மாத வயிற்றின் மேல் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் துறைக்குக் கிளம்பிவிடுவாள். உள்ளே வந்த கப்பல்காரர்களிடம் வழியில் எதையாவது பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டு, மதியத்துக்குள் மூக்கும் காதும் சிவந்து வீடு திரும்புவாள்.

கணக்கர் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே, மாலேனாவின் அண்ணன் டிட்லவிடம் விஷயத்தைச் சொன்னார். நாட்டின் மறுகோடியில், ஜட்லாந்தின் மேற்குக் கரையில், புயலில் கப்பல் மணல் திட்டில் ஏறி உடைந்துவிட்டது. கரை ஒதுங்கியவர்களில் மிக்கெலும் ஒருவன். காலுறையின் விளிம்பில் பின்னியிருந்த பெயரெழுத்துகளை வைத்துத்தான் அடையாளம் கண்டார்களாம். அங்கேயே ஒரு கிராமத்துக் கல்லறையில் அடக்கமும் ஆகிவிட்டது.

டிட்லவின் மனைவி அபெலோனா அடுப்படியில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. எல்லாம் காதில் விழுந்தது. கணக்கர் இறங்கிப் போனதும் டிட்லவ் அடுப்படிக்கு வந்தான். மாலேனா வந்தவுடன் சொல்லிவிட வேண்டும், வேறு யார் வாயிலிருந்தும் அவள் கேட்கக்கூடாது என்றான். அபெலோனா கையைக் கழுவாமலே கீழ்வீட்டுக்கு ஓடினாள்.

கீழ்வீட்டில் இருந்தவள் மருத்துவச்சி புரூன் அம்மாள். அந்தக் கால்வாய்க் கரையில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் பிறந்தவர்கள். அந்த ஊர் வழக்கப்படி, புருஷன் இருக்கிறவரை கல்யாண மோதிரம் வலக்கையில். போய்விட்டால் இடக்கைக்கு மாறும். புரூன் அம்மாளின் இடக்கையில் இரண்டு மோதிரங்கள் இருந்தன. இரண்டு மாலுமிகளைக் கட்டி இருவரையும் கடலுக்குக் கொடுத்தவள். மூன்றாவதாக ஒருத்தன் வந்து கேட்டபோது விரலில் இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். அன்று அவள் எதுவும் வேடிக்கையாகச் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாலேனாவின் அப்பா இறந்த செய்தி வந்தபோது நடந்ததை மட்டும் நினைவுபடுத்தினாள். அப்போது மாலேனாவுக்கு ஏழு மாதம். செய்தி வந்த மறுநாளே வலி கண்டது. பிறந்த பெண்குழந்தை ஒரு தடவைகூட அழவில்லை.

"இன்னும் ஒரு மாசம் வாயைக் கட்டுங்க," என்றாள் புரூன் அம்மாள். "பிள்ளை வெளியே வந்து ஒரு குரல் அழட்டும். அப்புறம் நானே சொல்றேன். போனவன் எங்கேயும் போயிடப் போறதில்லே."

அபெலோனா மேலே வந்து சொன்னபோது டிட்லவ் ஒப்புக்கொள்ளவே இல்லை. தங்கை முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மாதம் எப்படி இருப்பது என்று கேட்டான். அபெலோனா விடவில்லை. அவளுக்கும் டிட்லவுக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. மாலேனாவின் வயிற்றில் இருக்கும் பிள்ளையை அவள் எத்தனை முறை மனசுக்குள் தூக்கிக் கொஞ்சியிருப்பாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பிள்ளையையும் மண்ணில் வைக்கணுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதன் பிறகு டிட்லவ் மறுக்கவில்லை.

ஆனால் சுங்கத்துறைக்குப் போனால் யாராவது ஒருவன் சொல்லாமல் இருப்பானா? அவளை வீட்டில் உட்கார வைக்க வேண்டும். எப்படி என்று இருவருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை மாலேனா சால்வையை எடுக்கும்போது டிட்லவ்தான் திடீரென்று, உன்னைச் செம்பில் கீறப் போகிறேன், தினமும் காலை வெளிச்சம் போவதற்குள் என் எதிரே உட்கார வேண்டும் என்றான்.

செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்க வைத்து, அதில் மையிட்டுப் படம் எடுப்பதுதான் அவன் பிழைப்பு. புத்தக வியாபாரிகளுக்காகத் தேவாலயங்களும் பிரபுக்களின் மாளிகைகளும் கீறிக் கொடுப்பான். வீட்டு மனிதர்கள் யாரையும் அவன் கீறியதில்லை. அபெலோனாவையே கீறியதில்லை.

மாலேனா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இந்த வயித்தோடயா? உன் தகடு எப்படிப் பத்தும் அண்ணா? கப்பல் அடிப்பக்கத்துக்கு அடிக்கிறாங்களே, அந்த மாதிரி செம்புத் தகடு நாலு வாங்கிட்டு வா."

"அடுத்த மாசம் உன் பிறந்தநாள் வருதில்ல. அதுக்குத்தான்," என்றான் டிட்லவ். பிறகு என்ன நினைத்தானோ, "மிக்கெல் வந்தா காட்டலாம்," என்று சேர்த்துக்கொண்டான். அடுப்படியில் நின்றிருந்த அபெலோனாவுக்கு அந்த வார்த்தை சுரீர் என்றது. அதற்குத்தான் மாலேனா ஒப்புக்கொண்டாள்.

மிக்கெலுக்குப் பிள்ளை விஷயமே தெரியாது. அவன் கப்பலேறின பிறகுதான் அவளுக்கே உறுதியானது. தன்னை இந்தக் கோலத்தில் அவன் பார்க்க முடியாமல் போகிறதே என்ற வருத்தம் அவளுக்கு உண்டு. கப்பல் நாளைக்கே வந்தாலும் சரி, பிள்ளை பிறந்த பிறகு வந்தாலும் சரி, நான் எப்படி இருந்தேன் என்று காட்ட ஒரு படம் இருக்கட்டும் என்றாள்.

சன்னலோரம் நாற்காலி போட்டார்கள். சும்மா உட்கார அவளால் முடியாது என்பதால் கையில் பின்னல் ஊசியும் பாதி முடிந்த குழந்தைச் சட்டையும் இருந்தன. டிட்லவ் தன் வழக்கப்படி அவளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்த்து வைத்தான். தகட்டில் இருப்பது காகிதத்தில் இடம் வலமாகத் திரும்பி விழும். அதனால் எதையும் கண்ணாடியில் பார்த்துக் கீறினால்தான் படத்தில் நேராக வரும். இல்லாவிட்டால் கோபுரம் தேவாலயத்தின் தப்பான பக்கத்தில் போய் நிற்கும். அந்த ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

இரண்டாம் நாளே மாலேனா கண்ணாடியை எடுத்துவிடச் சொன்னாள். பக்கத்தில் இன்னொரு குண்டுப் பொம்பளை உட்கார்ந்துகொண்டு தன்னையே முறைத்துப் பார்ப்பது மாதிரி இருக்கிறதாம். முகம் வீங்கிக் கிடப்பது தனக்கே தெரியும், அதைப் படம் முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு வேறு இருக்க வேண்டுமா என்றாள். டிட்லவ் மறு பேச்சில்லாமல் கண்ணாடியைத் தூக்கிக் கட்டிலுக்குப் பின்னால் வைத்துவிட்டு, நேராக அவளைப் பார்த்தே கீறத் தொடங்கினான். அவள் துறைக்குப் போகாமல் நாற்காலியில் இருந்தால் போதும். முகம் எந்தப் பக்கம் திரும்பினால் என்ன?

மாலேனா பேசிக்கொண்டே இருப்பாள். மிக்கெலின் அம்மா மார்ஸ்டல் ஊரில் இருக்கிறாள், பிள்ளை பிறந்ததும் அங்கே போய் ஒரு மாதம் இருக்கணும். ஆண்பிள்ளையாக இருந்தால் யோர்கன், என் அப்பா பெயர். பெண்ணாக இருந்தால் மிக்கெல் வந்து வைக்கட்டும். போன தடவை அவன் ஒரு பெரிய சங்கு கொண்டு வந்தான், இந்தத் தடவை நிச்சயம் காப்பிக்கொட்டை. கரையேறினதும் முதலில் என் வயிற்றைப் பார்ப்பானா, முகத்தைப் பார்ப்பானா? அவன் முழியைப் பார்க்கணும் அப்போ.

டிட்லவ் ம், ம் என்பான். தலையைக் கொஞ்சம் நிமிர்த்து என்பான். அவன் தலை தகட்டுக்கு மேலே கவிழ்ந்தே இருக்கும்.

ஒருநாள் அவன் அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டான். "அவ பேசறா அபெலோனா. அவளைப் பேச விட்டுட்டு நான் அவ முகத்தையே பார்க்கணும். ஒரு சுருக்கம் விடாம பார்க்கணும். என்னால முடியலே."

பிள்ளை பிறக்கிற வரைக்கும்தானே என்று அபெலோனா சொன்னாள். கப்பல் உடைந்த செய்தி பத்திரிகையில் வந்த நாளில் அவள் அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிட்டு, எதிர்வீட்டுக்காரியிடம் கடன் வாங்கின பத்திரிகையைத் தொலைத்துவிட்டதாக மன்னிப்புக் கேட்டாள். அந்தத் தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். புரூன் அம்மாள் வீடு வீடாகப் போய் வாயைக் கட்டியிருந்தாள். மாலேனா படியிறங்கினால் பேசிக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று மீன் விலையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். எல்லோரும் தன்னிடம் இவ்வளவு அன்பாக இருப்பதை மாலேனா அபெலோனாவிடம் ஆச்சரியமாகச் சொன்னாள். பிள்ளைத்தாய்ச்சி என்றால் ஊரே தாங்குகிறது அண்ணி என்றாள்.

பிறந்தநாளன்று காலையில்தான் டிட்லவ் முதல் படத்தை எடுத்தான். தகட்டை அதற்கு முந்தின நாள் அமிலத்தில் போட்டிருந்ததில் வீடே நெடியடித்தது. சன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் இருமல். அபெலோனா அடுப்படியில் சாக்லேட் காய்ச்சிக்கொண்டும் ரொட்டிக் கடையிலிருந்து வாங்கி வந்த இனிப்பு வளையத்தை வெட்டிக்கொண்டும் இருந்தாள். அச்சுருளையின் சக்கரம் சுழலும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவள் போய் எட்டிப் பார்த்தாள்.

ஈரக் காகிதத்தை மேசைமேல் விரித்துவிட்டு டிட்லவ் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளங்கை அளவு படம். அதில் மாலேனா இருந்தாள். பின்னலை மடியில் இறக்கிவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுக்கிற முகம். மேலுதடு கொஞ்சம் ஈரமாக, கண்ணுக்குக் கீழே வீக்கம், காதோரம் அடங்காமல் பறக்கிற அந்த மயிர்க்கற்றை. தேவாலயச் சுவரின் கற்களை எண்ணி எண்ணிக் கீறுகிறவன் இதை எப்படிக் கீறினான் என்று அபெலோனாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் முகத்தை மட்டும்தான் பார்த்தாள். அவனும் அப்படித்தான்.

மதியம் புரூன் அம்மாள் ஒரு ஜோடி குட்டிக் காலுறைகளோடு மேலே வந்தாள். நான்கு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மாலேனா அன்று புதுக் கழுத்துத்துணி கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கோப்பை சாக்லேட் குடித்து, மூன்றாவது கேட்டாள். உள்ளே இருப்பவன் கேட்கிறான், நான் என்ன செய்ய என்றாள். டிட்லவ் உலர்ந்த படத்தை ஓர் அட்டையில் வைத்துக் கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தான்.

"முகத்தை அப்புறம் பார்க்கிறேன்," என்றாள் மாலேனா. "முதல்ல என் விரலை நீ என்ன பண்ணி வச்சிருக்கேன்னு பார்க்கணும். தடி மெழுகுவத்தி மாதிரி போட்டிருந்தே, நான் உன்னோட பேச மாட்டேன்."

படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. படத்தைக் கீழே வைத்தாள். தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"எப்ப தெரிஞ்சது அண்ணா?"

டிட்லவுக்குப் புரியவில்லை. என்ன தெரிந்தது என்று கேட்டான். அவள் படத்தை அவன் பக்கம் திருப்பி, அதில் ஓர் இடத்தில் விரல் வைத்தாள். அபெலோனாவுக்கு அவன் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. படத்தில் இருந்த பெண் மோதிரத்தை இடக்கையில் போட்டிருந்தாள். புரூன் அம்மாளைப் போல.

"அது... அச்சுல திரும்பி விழும் மாலே," என்றான் டிட்லவ். "தகட்டுல சரியாத்தான் இருக்கு. நீதானே கண்ணாடியை எடுக்கச் சொன்னே. அதனால வந்தது."

"திரும்பி விழும்னு எனக்குத் தெரியாதா? நீ மை துடைச்ச துணியெல்லாம் துவைச்சு வளர்ந்தவ நான்." மாலேனாவின் குரல் உயரவே இல்லை. "அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்லேன்னு சொல்லு. என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. நான் நம்பறேன்."

அவன் வாயைத் திறந்தான். புரூன் அம்மாள் ஏதோ சொல்ல முன்னால் சாய்ந்தாள். மாலேனா அவள் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தித் தடுத்தாள். டிட்லவ் நிமிர்ந்து பார்க்க முயன்றான். அத்தனை நாள் அந்த முகத்தை இமை இமையாகப் பார்த்தவனின் பார்வை இப்போது அவள் கழுத்துத்துணி வரைக்கும்தான் வந்தது.

அந்த நேரத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். அவள் நம்பத் தயாராக இருந்தாள். அந்தப் பொய்யை அபெலோனாவே சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் வாயில் வந்தது வேறு.

"அவர் அன்னிக்கே சொல்லணும்னார். நான்தான் வேண்டாம்னேன்."

"என்னிக்கு?"

"முதல் பனி விழுந்துச்சே, அன்னிக்கு."

மாலேனா கணக்குப் பார்ப்பது போல் கூரையைப் பார்த்தாள். "அப்ப நாற்காலி போட்டதே அதுக்குத்தானா?"

அவள் கேள்விகள் கேட்டாள். எங்கே, எப்படி, யார் பார்த்தது. டிட்லவ் ஒவ்வொன்றாகச் சொன்னான். மண்ணில்தான் கிடக்கிறானா, கடலில் இல்லையே என்று இரண்டு முறை கேட்டாள். காலுறை எழுத்தைப் பற்றிக் கேட்டதும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு மாதிரி வந்தது. அந்த எழுத்தைக் கோணலாகப் பின்னிவிட்டேன் என்று மிக்கெல் கேலி செய்தானாம். கோணலாக இருந்ததால்தான் பளிச்சென்று தெரிந்திருக்கும் என்றாள்.

பிறகு எழுந்தாள். நாற்காலியைச் சரியாக மேசையோடு சேர்த்துத் தள்ளினாள்.

"நான் தினமும் பேசினேனே அண்ணா. அவன் வந்தா என் வயித்தைப் பார்ப்பானா முகத்தைப் பார்ப்பானான்னு கேட்டேனே. நீ தலையை நிமிர்த்துன்னு சொன்னே."

அவள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புரூன் அம்மாள் தன் பையைக் கொண்டுவந்து மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காலை வரைக்கும் அங்கேயே இருந்தாள். வலி வரவில்லை. உள்ளே அழுகைச் சத்தமும் இல்லை. கதவுக்கு வெளியே வைத்த ரொட்டிக் கஞ்சியை மாலேனா எடுத்துச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வெளியே வைத்திருந்தாள்.

அடுத்த நாட்களில் அவள் அறையை விட்டு வந்தாள், வேலைகளும் செய்தாள். பின்னலை முடித்தாள். டிட்லவிடம் ஒரு வார்த்தை இல்லை. அபெலோனாவிடம் உப்பு எங்கே, தண்ணீர் சுட்டதா என்ற அளவில் பேச்சு. டிட்லவ் அந்தத் தகட்டைச் சுரண்டி மோதிரத்தை அழித்துவிட்டு மறு கையில் கீறப் போவதாக ஒருநாள் சுரண்டு கத்தியைக் கையில் எடுத்தான். அபெலோனா அவன் கையிலிருந்து அதை வாங்கி வைத்தாள். எந்தக் கையில் கீறினாலும் இனிமேல் அது யாருக்கு? அவனும் மேசைமேல் தலை சாய்த்துக்கொண்டான். தான் பயந்தது நடக்கவில்லை, பிள்ளை உள்ளே உதைத்துக்கொண்டுதான் இருக்கிறது, அப்படியானால் அந்த மூன்று வாரத்தை எதற்காக மாலேனாவிடமிருந்து எடுத்துக்கொண்டோம் என்று அபெலோனா அடுப்படியில் நின்று யோசிப்பாள். அவளை அழக்கூட விடவில்லை. இல்லை, இன்னும் மூன்று வாரம் அவனோடு வாழ விட்டோம் என்று இன்னொரு நேரம் தோன்றும். இரண்டில் எது என்று மாலேனாவைத் தவிர யாரால் சொல்ல முடியும்? கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

ஒரு காலையில் மாலேனா ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரோடு அடுப்படிக்கு வந்தாள். சோப்பு இருக்கா அண்ணி என்று கேட்டாள். அபெலோனா எடுத்துக் கொடுத்தாள். மாலேனா மோதிர விரலில் சோப்பைப் பூசிக் கையைத் தண்ணீரில் அமிழ்த்தி, மோதிரத்தைத் திருகினாள். விரல் வீங்கி மோதிரத்தின் இரண்டு பக்கமும் சதை பிதுங்கியிருந்தது.

"கொஞ்சம் பிடிங்க," என்றாள்.

அபெலோனா பிடித்தாள். அந்தக் கையைத் தொட்டு எத்தனை நாளாகிவிட்டது. சோப்பை இன்னும் குழைத்தாள். நூல் எடுத்து வந்து விரலைச் சுற்றி இறுக்கி, மோதிரத்துக்கு அடியில் நூலை விட்டு இழுத்துப் பார்த்தாள். மாலேனா பல்லைக் கடித்துக்கொண்டாள். விரல் நீலமானது. கணு வரைக்கும் வந்த மோதிரம் அதற்கு மேல் அசையவில்லை. பொற்கொல்லனிடம் போனால் வெட்டி எடுத்துவிடுவான் என்று அபெலோனா மெதுவாகச் சொன்னாள்.

"வேண்டாம். வெட்ட வேண்டாம்."

அவள் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். கை கிண்ணத்திலேயே இருந்தது. "இறங்க மாட்டேங்கிறான் பாருங்க அண்ணி," என்றாள். "கப்பல்லே ஏறச் சொன்னா மட்டும் ஓடுவான்."

அப்போதுதான் அவள் அழுதாள். அபெலோனா அந்தச் சோப்புக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். மாலேனா கையை இழுத்துக்கொள்ளவில்லை. தலையை அபெலோனாவின் இடுப்பில் முட்டி முட்டி அழுதாள். உங்களை மன்னிக்கவே மாட்டேன் என்றாள். உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா என்றும் சொன்னாள். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னாள். அபெலோனா இரண்டுக்கும் சரி, சரி என்றாள்.

டிசம்பர் தொடங்கின வாரம் வலி கண்டது. ஒரு பகல் முழுக்க ஆனது. விளக்கேற்றுகிற நேரத்துக்குப் பிள்ளை அழுத அழுகை, பாலத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும் என்று புரூன் அம்மாள் பெருமையடித்துக்கொண்டாள். ஆண்பிள்ளை. அப்பன் போன பிறகு பிறக்கிற ஆண்பிள்ளைக்கு அப்பன் பெயர்தான். இதில் யாரும் யாரையும் கேட்பதில்லை. யோர்கன் என்ற பெயரை யாரும் எடுக்கவும் இல்லை. குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றும்போதே புரூன் அம்மாள், வாடா மிக்கெல், உன் அம்மாவைப் பார் என்றாள். மாலேனா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பிள்ளையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பால் கொடுத்தாள். ராப்பகல் பார்த்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பெயர் அவள் வாயில் வரவில்லை. 'இவன்', 'குட்டி', 'பசிக்காரன்', இப்படித்தான். அபெலோனாவும் அவள் முன்னால் அந்தப் பெயரைச் சொல்லாமல் பார்த்துக்கொண்டாள்.

டிட்லவ் பிள்ளையைக் கதவோரம் நின்றுதான் பார்ப்பான். அவன் உள்ளே வந்தால் மாலேனா பிள்ளையின் துணியைச் சரிசெய்யக் குனிந்துகொள்வாள்.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. மாலேனாவின் முகத்தில் வீக்கம் வடிந்து பழைய எலும்புகள் தெரிந்தன. மதியம் அபெலோனா அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் பார்லிக் கஞ்சியை வைத்தபோது, அண்ணாவைக் கூப்பிடுங்க என்றாள். டிட்லவ் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான். எத்தனை துடைத்தாலும் போகாத அமிலக்கறை அவன் விரல் நுனிகளில் மஞ்சளாக இருந்தது.

மாலேனா வலக்கையை நீட்டினாள்.

"வீக்கம் போயிடுச்சு. நீயே மாத்து."

"மாலே, அபெலோனாவை..."

"நீதான் மாத்தணும். முதல்ல மாத்தினது நீதானே."

டிட்லவ் அபெலோனாவைப் பார்த்தான். அவள் கிண்ணத்தைப் பிடித்தபடி சன்னல் பக்கம் நகர்ந்தாள். தான் உதவக்கூடிய இடம் அது இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் கட்டிலோரம் மண்டியிட்டு உட்கார்ந்து தங்கையின் விரலைப் பிடித்தான். மோதிரம் சுலபமாகக் கழன்று வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் தோல் வெள்ளை வெளேரென்று, கொஞ்சம் அமுங்கி இருந்தது. அதை அவன் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினான். மாலேனா இடக்கையைக் கொடுத்தாள். மயிரிழை பிசகாமல் கோடு கீறுகிற கைதான், ஆனாலும் மோதிரம் விரல் நுனியில் இரண்டு முறை தட்டி விலகியது. அவள் அவசரப்படுத்தவில்லை. மூன்றாவது முறை போய்ச் சேர்ந்தது. அந்த விரலுக்கு அது கொஞ்சம் தளர்வாக இருந்தது. நழுவாமல் இருக்க அவள் விரலை மடக்கிக்கொண்டாள்.

"நிமிர்ந்து பாரு அண்ணா," என்றாள்.

அவன் பார்த்தான். கண்ணெல்லாம் நீர். இம்முறை பார்வை கழுத்தோடு நிற்கவில்லை. முகம் வரைக்கும் வந்து, அங்கேயே நின்றது. அவளும் பார்த்தாள். அவன் நெற்றியைக் கட்டில் விளிம்பில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து அவள் அந்த வெறும் வலக்கையை அவன் தலைமேல் வைத்தாள்.

தொட்டிலில் பிள்ளை சிணுங்கி, பிறகு கத்தத் தொடங்கினான். அபெலோனா ஓடிப்போய்த் தூக்கினாள். தோளில் போட்டுத் தட்டினாள். அவன் அடங்கவில்லை.

"பசிதான் அண்ணி," என்றாள் மாலேனா. "மிக்கெலை இப்படிக் கொடுங்க."